அந்நியனுக்கும் பங்கு உண்டு

நம்ம ஊர் கன்வென்ஷன் மேடைகளில் சில பிரசங்கிகள் எசேக்கியேலின் கடைசி அதிகாரங்களைத் திறந்தால் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: "பன்னிரண்டு கோத்திரத்துக்கும் கர்த்தர் நிலத்தை அளந்து கொடுத்துட்டார். 1948இல் இஸ்ரவேல் உண்டானது அதோட ஆரம்பம்." கீழே உட்கார்ந்து அல்லேலூயா சொல்பவர்களில் பலர் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத நம் சனங்கள். நிலமில்லாதவன் இன்னொருத்தன் நிலம் பறிபோனதற்கு ஸ்தோத்திரம் சொல்கிறான். ஆகவே அந்தப் பகுதியை நாமே வாசித்தாக வேண்டும்.

எசேக்கியேல் ஓர் ஆசாரியன். கி.மு. 597இல் பாபிலோனுக்குக் கைதியாகக் கொண்டுபோகப்பட்டவன். சிறையிருப்பின் 25ஆம் வருஷம், ஊரும் கோயிலும் அழிந்த பிறகு, இந்தத் தரிசனத்தை எழுதுகிறான். யோசுவாவின் பங்கீடு குடியிருந்தவனை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செய்தது. இங்கே வெட்டு இல்லை. கோத்திரங்களுக்குள் கூடக்குறைய இல்லாமல் சமபங்கு. அதைவிடப் பெரிய சங்கதி 47:22-23இல் இருக்கிறது. உங்கள் நடுவில் தங்கிப் பிள்ளை பெற்ற அந்நியனுக்கும், அவன் எந்தக் கோத்திரத்தோடு இருக்கிறானோ அங்கேயே பங்கு கொடு என்கிறது. பழைய சட்டத்தில் அந்நியனுக்குக் கிடைத்தது விதவையோடும் அநாதையோடும் சேர்ந்து பொறுக்குகிற சிந்தின கதிர். இப்போது வயலே அவனுக்கு. அதிபதி சனங்களின் நிலத்தைப் பிடுங்கக் கூடாது என்று 46:18 சொல்கிறது.

அதற்காக எசேக்கியேலை அப்படியே தலைமேல் தூக்கிவைக்க வேண்டியதில்லை. வரைபடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பங்குகள் வடக்கிலிருந்து தெற்காகப் பட்டை பட்டையாக இறங்குகின்றன. நடுவில் கோயில், அதைச் சுற்றி சாதோக் வம்சத்து ஆசாரியர். லேவியருக்கும் பக்கத்தில் இடம் உண்டு, ஆனால் பலிபீடத்தை நெருங்கும் உரிமை பறிக்கப்பட்டாயிற்று. கோயிலை ஒட்டி வடக்கே யூதா, தெற்கே பென்யமீன். லேயாள், ராகேல் என்ற எசமானிகளின் பிள்ளைகள். தாண், ஆசேர், நப்தலி மூவரும் வடகோடியில். காத் தென்கோடியில். யார் இந்த நால்வர்? பில்காள், சில்பாள் என்ற அடிமைப் பெண்கள் பெற்றவர்கள். நிலத்தில் சமம், கோயிலிலிருந்து தூரம்! ஊருக்கும் சேரிக்கும் உள்ள தூரத்தை நடந்தே அளந்தவனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா?

இன்னொன்றும் உண்டு. பாபிலோன்காரன் மேல்தட்டைக் கொண்டுபோனபோது, ஒன்றுமில்லாத ஏழைகளுக்குத் திராட்சைத் தோட்டமும் வயலும் கொடுத்துவிட்டுப் போனதாக எரேமியா 39:10 சொல்கிறது. பாழான ஊரில் மிச்சமிருந்தவர்கள் "தேசம் எங்களுக்கே" என்றபோது, எசேக்கியேல் 33ஆம் அதிகாரம் அவர்களுக்குக் கொடுக்கும் பதில் பட்டயம். உழுதுகொண்டிருந்தவனின் குரல் அந்த வரைபடத்தில் எங்கே?

இந்தப் பங்கீடு எந்தக் காலத்திலும் நடக்கவில்லை. திரும்பி வந்தவர்கள் எஸ்றா காலத்தில் செய்தது நேர் எதிர்: அந்நிய மனைவிகளைப் பிள்ளைகளோடு தள்ளிவிட முடிவெடுத்தார்கள்.

யூதர்களின் பாடுகளை நாம் மறுக்கவில்லை. அவர்களைக் கெட்டோக்களில் அடைத்து, கடைசியில் அறுபது லட்சம் பேரைக் கொன்றது ஐரோப்பா. அதற்கான விலையைப் பாலஸ்தீன விவசாயி தலையில் கட்டினார்கள். 1948இல் சுமார் ஏழு லட்சம் பேர் வீடுவாசல் இழந்தார்கள். 'ஊரில் இல்லாதவர் சொத்து' என்று 1950இல் சட்டம் போட்டு அவர்கள் நிலத்தை எடுத்துக்கொண்டது அரசு. கலிலேயாவின் இக்ரித் கிராமம் முழுக்கக் கிறிஸ்தவர்கள். இரண்டு வாரத்தில் திரும்பலாம் என்று சொல்லி ராணுவம் வெளியேற்றியது. 1951இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்தில் ராணுவம் வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தது, மிஞ்சியது மாதாகோயில். நடுவில் தங்கிப் பிள்ளை பெற்றவர்கள்தானே அவர்கள்? 47:22 அவர்களுக்குப் பொருந்தாதா? 2018இல் வந்த தேசிய அரசுச் சட்டம் சுயநிர்ணய உரிமை யூத மக்களுக்கு மட்டுமே என்று எழுதியும் வைத்துவிட்டது.

பதினோரு வயதில் பெய்சானிலிருந்து குடும்பத்தோடு விரட்டப்பட்ட பாலஸ்தீனப் பாதிரியார் நயீம் அத்தீக், 1989இல் பாலஸ்தீன விடுதலை இறையியல் நூலை எழுதினார். நிலத்துக்காகப் பைபிளைக் கீழே போட வேண்டியதில்லை, நீதியை அளவுகோலாக வைத்து வாசித்தால் போதும் என்பதே அவர் வழி. நமக்கும் அந்த அளவுகோல்தான். அடிமைப் பெண்ணின் பிள்ளையைக் கோடியில் தள்ளும் இடத்தில் எசேக்கியேலோடு சண்டை போடுவோம். அந்நியனுக்கு வயலைக் கொடுக்கும் இடத்தில் அவனைப் பிடித்துக்கொள்வோம். தோழர்களே, தீர்க்கதரிசனத்தைப் பட்டாவாக நீட்டுகிறவர் யாராக இருந்தாலும், அந்த இரண்டு வசனத்தையும் சத்தம்போட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அதற்கப்புறம் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்போம்.