அது எப்படிச் சாப்பிடும் என்று கேட்ட பிள்ளைக்கு

வன்னியம்பட்டிப் பெற்றோரே, கொஞ்சம் கோபமாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. பிள்ளையின் புத்தகப் பையில் டால்பின் படம், பிறந்தநாள் பலூனிலும் டால்பின். ஆனால் “இது எப்படிச் சாப்பிடும்?” என்று அந்தப் பிள்ளை கேட்டால், “அது மீனைத் தின்னும், நீ சோத்தைத் தின்னு” என்று வாயை அடைத்துவிட்டு, கையில் போனைத் திணிக்கிறோம். நாலு வயதில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், பத்தாம் வகுப்பில் அறிவியல் மார்க் குறைகிறது என்று டியூஷன் தேடி அலைவது என்ன நியாயம்?

“அவ்வளவு நமக்கு எங்கே தெரியும்” என்கிறீர்கள். தெரிந்துகொள்ள ஒரு சாயங்காலம் போதும். டால்பினுக்குப் பல் உண்டு, மெல்லாது. கூர்கூரான அந்தப் பற்கள் வழுக்கும் மீனைப் பிடிக்க மட்டும்தான். பிடித்ததைத் தலைப்பக்கமாக முழுசாய் விழுங்கும். அப்போதுதான் முள் தொண்டையில் குத்தாது. மாட்டுக்கு இருப்பதுபோல அதற்கும் வயிற்றில் பல அறைகள். வாயில் நடக்காத அரைவை முதல் அறையில் நடக்கும். கலங்கிய தண்ணீரில் கண் உதவாத நேரத்தில் ‘டிக் டிக்’ என்று ஒலி எழுப்பும். மீன்மேல் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கீழ்த்தாடை வாங்கிக் காதுக்குள் அனுப்பும். தாடையால் கேட்கிற பிராணி என்று சொல்லிப் பாருங்கள், எந்தப் பிள்ளை அதன் பிறகு போனைத் தேடும்?

“மலையடிவாரத்தில் இருக்கிற நமக்குக் கடல் பிராணி எதற்கு” என்றும் ஒரு பேச்சு. திருச்செந்தூருக்குப் போகாத குடும்பம் நம்மில் எத்தனை? 2016 ஜனவரியில் அந்தத் திருச்செந்தூர், மணப்பாடு கரையோரத்தில்தான் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. பேர் திமிங்கலம் என்றாலும் அவை டால்பின் குடும்பம்; கணவாய் தின்பவை. மீனவர்கள் கடலுக்குள் தள்ளிவிட்டும் பல திரும்பக் கரைக்கே வந்தன, பாதிக்கு மேல் செத்தன. 1973 ஜனவரியிலும் மணப்பாட்டில் இப்படி நடந்திருக்கிறது. தலை உச்சியிலுள்ள துளை வழியாகக் காற்றைத்தானே சுவாசிக்கிறது, காற்றுள்ள கரையில் ஏன் சாகிறது என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? தண்ணீர் தாங்கிய உடம்பு மணலில் கிடக்கும்போது அதன் எடையே நுரையீரலை அமுக்கும். தோலுக்கடியில் உள்ள தடித்த கொழுப்பு உடம்புச் சூட்டை வெளியே விடாது, வெயில் வேறு வாட்டும். இதைக் கேட்ட பிள்ளை கரை ஒதுங்கிய உயிரோடு செல்ஃபி எடுக்க ஓடாது.

இன்னொன்று. குட்டி என்ன சாப்பிடும் என்று கேட்டால் “பால்” என்று சொல்லக் கூச்சப்படுகிறீர்கள். இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? நாய்க்குப் பேர்போன ராஜபாளையத்துப் பக்கம் வளர்கிற பிள்ளைக்குக் குட்டி பால் குடிப்பது புதுசா? டால்பின் தாயின் அடிவயிற்றில் இரண்டு மடிப்புகள். காம்பு அதற்குள் இருக்கும். குட்டி நீந்திக்கொண்டே அங்கே வாய் வைக்கும். பசும்பாலைவிடப் பல மடங்கு கொழுப்புள்ள அந்தப் பாலைக் கொஞ்சம் குடித்துவிட்டு மூச்சுவிட மேலே வரும், மறுபடி போகும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள். சாளையின் செவுளைத் தூக்கிக் காட்டி, டால்பினுக்கு இது கிடையாது என்று சொல்லுங்கள். அடுத்த கேள்வி தானாக வரும். அப்போது அதட்டாமல் நின்று பதில் சொல்லுங்கள்.