கிளினிக் நாளும் கூலி நாளும்

காணியை இழந்த கமக்காரன் கூலியாளாகிறான். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் பலர் பிறருடைய தோட்டத்தில் கொத்தவும் கட்டட வேலைக்குக் கல், மண் சுமக்கவும் போனார்கள். 2009இல் வன்னியிலிருந்து முகாம்களுக்குச் சென்ற குடும்பங்கள் பலவற்றுக்கும் இதே நிலைதான். சொந்தக் காணியில் உடம்புக்கு ஏலாத நாளில் வேலையைப் பின்போடலாம். கூலி வேலையில் ஒரு நாள் நின்றால் அன்றைய உலை கொதிக்காது.

இந்த நிலையில் உள்ளவருக்குச் சலரோகம் வந்தால் அது தனியே வருவதில்லை. பிரஷரும் அநேகமாகக் கூடவே வருகிறது. இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தையும் இருதயத்தையும் கண்ணையும் பாதிக்கின்றன. காலில் உணர்வு குறைவதால் வயலில் முள் குத்தினாலும் தெரியாது. சிறு காயம் புண்ணாகிக் காலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். சலரோகம் உள்ளவருக்குக் காசநோய் பிடிக்கும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். மனச்சோர்வும் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. வீட்டையும் உறவையும் இழந்தவர்களிடம் அதை வெறும் கவலை என்று தள்ளிவிடுகிறோம். ஆனால் மனம் சோர்ந்தவர் மருந்தையும் சாப்பாட்டையும் கைவிட, மற்ற வருத்தங்கள் முற்றுகின்றன.

வேலைக்குப் போவதற்காகவே நாம் தேடிக்கொள்ளும் ஆபத்தும் ஒன்று உண்டு. முழங்கால் நோவு, நாரி நோவு என்று கடையில் நோக் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு மண்வெட்டி பிடிப்பது எம்மிடையே வழக்கம். டைக்ளோபெனாக், இபுபுரோபன் போன்ற குளிசைகள் பிரஷரைக் கூட்டும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏற்கெனவே சலரோகமும் பிரஷரும் உள்ளவர், சில வகைப் பிரஷர் குளிசைகளையும் எடுத்துக்கொண்டு, வெயிலில் தண்ணீர் குடியாமல் வேலை செய்யும்போது இவற்றையும் போட்டால் கேடு பன்மடங்காகும். நோவுக்குப் பரசிற்றமோல், அதாவது பனடோல், அளவோடு எடுப்பது இவர்களுக்குப் பெரும்பாலும் பாதுகாப்பானது. ஆயினும் வைத்தியரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.

இன்னொன்று. இன்சுலினோ சில வகைச் சீனிக் குளிசைகளோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் கடும் வேலை செய்தால் இரத்தத்தில் சீனி திடீரென இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். பக்கத்தில் நிற்பவர்கள் வெயில் அடித்துவிட்டது என்றோ குடித்துவிட்டார் என்றோ நினைப்பார்கள். நினைவு இருக்கும்போதே சீனி கரைத்த தண்ணீர் கொடுத்தால் உயிர் தப்பும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அரசாங்க வைத்தியசாலையில் கிளினிக் இலவசம். ஆனால் அங்கே போகும் நாளின் கூலி போகிறது. சலரோகத்துக்கு ஒரு நாள், கண்ணுக்கு ஒரு நாள், இருதயத்துக்கு வேறொரு நாள் என்றால் மாதத்தில் மூன்று நாள் கூலி இல்லை. எனவேதான் பலர் ஒரு கிளினிக்கை விட்டுவிடுகிறார்கள். இதை அக்கறையின்மை என்று குறை கூறுவது நியாயமல்ல. கடை, அலுவலக ஊழியருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஓராண்டு வேலை செய்தபின் சம்பளத்துடன் ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமைய விடுமுறையும் உண்டு. தோட்டத்தில் நாட்கூலிக்கு நிற்பவருக்கு அந்தச் சட்டம் துணை வராது.

வேலை செய்யாத நாளுக்கு எப்படிக் கூலி கொடுப்பது என்று காணிக்காரர் கேட்கலாம். அவரும் பெரிய முதலாளி அல்லர் என்பது உண்மையே. முழுக் கூலி கொடுக்க முடியாதவர், கிளினிக் நாளுக்குப் பதிலாக வேறொரு நாள் வேலை தரலாம். கிளினிக் போனதற்காக ஆளை மாற்றாமல் இருக்கலாம். கை தேர்ந்த ஒருவர் சிறுநீரகம் பழுதாகிப் படுத்துவிட்டால் நட்டம் இருவருக்கும்தான்.

நோயாளர் செய்யக்கூடியதும் உண்டு. எல்லாக் கிளினிக் கொப்பிகளையும், கடையில் வாங்கிய குளிசை மட்டைகளையும் ஒரே பையில் போட்டு ஒவ்வொரு முறையும் வைத்தியரிடம் காட்டுங்கள். கிளினிக்குகளை ஒரே நாளில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். தனி ஒருவர் கேட்டுக் கிடைக்காவிட்டால் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து வைத்தியசாலைக்கு எழுத்தில் கொடுக்கட்டும். விதைநெல்லுக்கும் வாய்க்காலுக்கும் கூட்டம் கூடும் நாம் இதற்கும் கூடலாம். காணி திரும்பக் கிடைக்கும் நாளில் அதைக் கொத்துவதற்கு உடம்பு வேண்டும்.