தெற்கே ஒரு மலை

என் மேசைக்கு எதிரே ஒரு ஜப்பானிய மர அச்சுப் படத்தின் நகல் தொங்குகிறது. ஹிரோஷிகே 1856இல் வரைந்த அசகுசா கோயில். முன்னால் பெரிய சிவப்பு விளக்கு. அப்பால் பனி மூடிய வழி, குடை பிடித்துப் போகும் சனம், ஐந்தடுக்குக் கோபுரம். முந்தின வருஷத்து நிலநடுக்கத்தில் அந்தக் கோபுரத்தின் உச்சி வளைந்துபோனது. திருப்பணி முடித்து நிமிர்த்திய வருஷத்துப் படம் இது.

பனிக்கு மை கிடையாது. வரைந்த தாளைச் செர்ரிப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் செதுக்கி எடுக்கிறார் ஒருவர். நிறத்துக்கு ஒரு பலகை. மூங்கில் மட்டை சுற்றிய வட்டத் தேய்ப்பானால் தாளின் முதுகை அழுத்தித் தேய்க்கிறார் இன்னொருவர். எந்தப் பலகையும் தொடாமல் விட்ட தாள்தான் பனி. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம் அது.

அந்தக் கோயிலில் இருப்பவர் கன்னோன். நம் பழைய நூல்கள் அவலோகிதன் என்று சொல்லும் போதிசத்துவர்தான். அவர் இருப்பிடம் தெற்கே போதலக மலை என்பது பௌத்த நம்பிக்கை. ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங் அதை மலய மலைக்குக் கிழக்கே வைக்கிறார். அது நம் பொதிகையேதான் என்று வாதாடியவர் ஷு ஹிகோசாகா என்ற ஜப்பானிய ஆய்வாளர். அகத்தியர் தமிழ் கேட்டதே அவலோகிதனிடம்தான் என்கிறது வீரசோழியம். ஹிகோசாகா சொன்னதை எல்லாரும் ஒப்பவில்லை. நான் மனசார நம்புகிறேன்.

ஜப்பானில் நாச்சிக் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு கோயில், ஃபுதராகுசான்ஜி. போதலக மலைக் கோயில் என்றுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். அங்கிருந்து துறவிகள் சிறு படகில் ஏறி, அறைக்கதவை வெளியிலிருந்து ஆணியடித்து மூடச் சொல்லி, தெற்கு நோக்கிக் கடலில் போனார்கள். கன்னோனின் மலையைத் தேடி. திரும்பி வரும் எண்ணத்தோடு யாரும் ஏறவில்லை. இரண்டாம் ஹிரோஷிகேயும் குனிசாதாவும் சேர்ந்து, கன்னோனின் முப்பத்துமூன்று தலங்களையும் 1850களின் கடைசியில் அச்சுப் படங்களாக்கினார்கள். அந்த வரிசையில் முதல் தலம் நாச்சி.

போன அமாவாசைக்குப் பொதிகை அடிவாரத்துப் பாபநாசம் போயிருந்தோம். முங்கி எழுந்து பார்த்தால் பாதி மலையைக் காணோம். மேகம் இறங்கிய இடமெல்லாம் மை படாத தாள் மாதிரி வெள்ளை.

"என்னல அப்படிப் பாக்க?" என்றாள் அக்கா.

படகில் போன துறவிகளைப் பற்றிச் சொன்னேன். ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே ஆறு கடலுக்குப் போகும் திசையைப் பார்த்தாள்.

"வந்திருந்தா, புன்னக்காயல் வழியாத்தான வந்திருப்பாவ?"