இறங்குறதுக்கு மட்டும் ஒரு மிஷன்

த்ரெட் கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வாங்க.

போர் விமான சிமுலேட்டர் ஆடுறவங்ககிட்ட எனக்கு ஒரு தீராத வாக்குவாதம் உண்டு. சண்டையை நூறு தடவை பழகுறாங்க. தரையிறக்கத்தைப் பழகுறதே இல்ல. இது சிமுலேட்டரோட மட்டும் நிக்கிற சங்கதி இல்ல, அதனாலதான் ஒரு மயக்கவியல் டாக்டர் இதைப் பத்தி எழுதுறேன்.

முதல்ல, தெரியாதவங்களுக்கு. டிசிஎஸ் வேர்ல்டுன்னு ஒரு சிமுலேட்டர். கேம்னு சொன்னா அதோட ரசிகர்கள் சண்டைக்கு வருவாங்க. சில விமானங்களில் காக்பிட் சுவிட்ச் ஒவ்வொண்ணும் நிஜத்தில் இருக்கிற இடத்தில் இருக்கும், ஒவ்வொண்ணும் வேலை செய்யும். வேகம் குறைஞ்சா விமானம் விழும். எரிபொருள் தீர்ந்தா இன்ஜின் நிக்கும். சூ-25டி என்ற ரஷ்ய தாக்குதல் விமானமும், ஜார்ஜியா நாட்டுக் கருங்கடற்கரையை உள்ளடக்கிய காகசஸ் வரைபடமும் இலவசமாவே கிடைக்குது.

இப்ப கணக்குப் பாருங்க. கிளம்பி, இலக்குக்குப் போய், சண்டை போட்டு, திரும்பி வர ஒரு மிஷன் 50 நிமிஷம்னு வைப்போம். அதில் தரையிறக்கம் கடைசி 2 நிமிஷம். வழியிலேயே சுட்டு வீழ்த்தப்பட்டா அந்த 2 நிமிஷமும் கிடையாது. உயிரோட திரும்பினாலும் கை சோர்ந்திருக்கும், கண் எரியும், வீட்ல சாப்பிடக் கூப்பிட்டிருப்பாங்க. வாரத்துக்கு மூணு ராத்திரி ஆடினா மூணே மூணு தரையிறக்கம். மூணுமே களைப்புல. இப்படி எத்தனை வருஷம் ஆடினாலும் இறங்குறது கையில் படியாது.

கஷ்டமான பகுதி எதுன்னு நம்ம உடம்புக்குத் தெரியும். 1960களில், வியட்நாம் போர் நடந்தப்ப, அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து பறந்த விமானிகளுக்கு ஈசிஜி மாட்டி அனுப்பி அளந்தாங்க. குண்டு வீசும்போது இருந்த இதயத்துடிப்பை விட, கப்பலில் இருந்து கிளம்பும்போதும் திரும்பி வந்து இறங்கும்போதும் இருந்த துடிப்பு அதிகம். கீழே இருந்து சுடுறவனை விட, ஆடுற கப்பல் தளம்தான் நெஞ்சைப் படபடக்க வெச்சிருக்கு.

அதனால அந்த நாட்டுக் கடற்படை என்ன செய்யுதுன்னா, கப்பலுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி தரையில இருக்கிற ஓடுபாதையிலேயே கப்பல் தளம் மாதிரி கோடு போட்டு வெச்சிருக்கு. இறங்கு, தொட்டதும் கிளம்பு, சுத்தி வா, மறுபடி இறங்கு. ஒவ்வொண்ணுக்கும் மார்க் போட ஓர் அதிகாரி பக்கத்துலயே நிப்பார். அந்த நேரத்தில் குண்டு இல்ல, எதிரி இல்ல. இறங்குறது மட்டும்தான் பாடம்.

இதையே நம்ம மேசையில செய்யலாம். டிசிஎஸ்ஸோட மிஷன் எடிட்டரைத் திறங்க. கோபுலெட்டி விமானத்தளத்தை எடுத்துக்கோங்க, கடலோரம், சமதளம். கடல் பக்கமிருந்து ஓடுபாதைக்கு நேர்கோட்டில் 5 கடல் மைல் தள்ளி விமானத்தை வானத்திலேயே வைங்க. உயரம் ஓடுபாதையிலிருந்து 1,500 அடி. வேகம் 150 நாட், அதாவது மணிக்குச் சுமார் 280 கி.மீ.

ஏன் இந்த எண்கள்? வழக்கமான இறக்கச் சரிவு 3 டிகிரி. அந்தச் சரிவில் ஒரு கடல் மைலுக்குச் சுமார் 300 அடி இறங்கணும். 5 மைலுக்கு 1,500. இறங்கும் வேகத்துக்கும் ஒரு குறுக்குக் கணக்கு இருக்கு: நாட்டை 5-ஆல பெருக்குங்க. 150 நாட்னா நிமிஷத்துக்கு 750 அடி. சரியா 2 நிமிஷத்தில் ஓடுபாதை முனையில் இருப்பீங்க.

எரிபொருளை 30 சதவீதத்துக்குக் குறைங்க, ஆயுதத்தை எல்லாம் கழட்டுங்க. முழு டேங்கோட இறங்கிப் பழகினா தப்பான எடைக்குக் கை பழகிடும். காற்று பூஜ்யம், நேரம் காலை. பலர் முதல் நாளே காற்றை வெச்சுடுறாங்க. காற்றின் திசையைப் பொறுத்து கன்ட்ரோல் டவர் சொல்ற ஓடுபாதை முனையும் மாறும். நீங்க இந்தப் பக்கம் வந்துட்டிருப்பீங்க, டவர் அந்தப் பக்கம் போகச் சொல்லும். குழப்பம்தான் மிஞ்சும்.

இறங்கியாச்சா? மிஷனை மறுபடி ஆரம்பிங்க. சுத்தி வர வேண்டாம், டாக்ஸி வேண்டாம். ஒரு முறைக்கு 3 நிமிஷம்னா ஒரு மணி நேரத்துக்கு 20 தரையிறக்கம். மேலே சொன்ன ஆளுக்கு ஏழு வாரம் ஆகுற வேலை இது.

ஆனா அந்த 20-உம் ஒரே மாதிரி இருந்தா ஏமாந்துடுவீங்க. பத்தாவது தடவையில் வெண்ணெய் மாதிரி இறங்குவீங்க, கத்துக்கிட்டோம்னு தோணும். 1979-ல ஷே, மோர்கன்னு ரெண்டு பேர் செஞ்ச ஆய்வு இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். கை அசைவுப் பயிற்சியை ஒரே வரிசையா செஞ்சவங்க பயிற்சியின்போது நல்லா செஞ்சாங்க. கலைச்சுப் போட்டு செஞ்சவங்க அப்போ திணறினாங்க. பிற்பாடு சோதிச்சுப் பார்த்தப்ப திணறினவங்கதான் முந்தினாங்க. அதனால முதல் ஃபைலை காப்பி எடுத்து, ஒண்ணில் விமானத்தை அரை மைல் இடப்பக்கம் தள்ளுங்க. இன்னொண்ணில் 400 அடி கூடுதல் உயரம். ஒண்ணில் குறுக்குக் காற்று 5 மீட்டர், அப்புறம் 8. ஒண்ணு அந்தி நேரம். ஒண்ணில் வீசாத குண்டுகள் இறக்கையில் தொங்கட்டும். ஃபைல்களுக்கு வெறும் நம்பர் மட்டும் பேர் வெச்சு, வீட்ல யாரையாவது ஒரு நம்பர் சொல்லச் சொல்லுங்க. (என் வீட்ல இந்த வேலைக்கு ஒரு தரையிறக்கத்துக்கு ஒரு கடலைமிட்டாய் கூலி.)

இதுவரைக்கும் யூட்யூப்ல கூட கிடைக்கும். அங்கே யாரும் அவ்வளவா பேசாத மிஷன் ஒண்ணு இருக்கு. இறங்கக் கூடாத மிஷன்.

எடிட்டரில் ஓடுபாதை நடுவுல ஒரு லாரியை வைங்க. மூணில் ஒரு தடவை மட்டும், நீங்க ஒரு மைல் தூரம் வந்த பிறகு அது தோன்றும்படி ட்ரிக்கர் போடலாம். லாரியைப் பார்த்ததும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளி, மேலே ஏறி, சுத்தி வரணும். கோ-அரவுண்ட். கோபுலெட்டியில் பழகினதும் இதையே பதூமிக்கு மாத்துங்க. அங்கே கடலோரத்துக்கு அப்பால் மலை. லாரியைப் பார்த்த பிறகு எந்தப் பக்கம் திரும்பலாம்னு யோசிச்சா நேரம் போதாது.

லாரி இல்லாத நாளுக்கும் ஒரு கோடு வேணும். பயணிகள் விமான நிறுவனங்களில் வழக்கம் இருக்கு: பார்வை தெளிவா இருக்கிற நாளில் கூட, 500 அடிக்கு வரும்போது வேகம், சரிவு, நேர்கோடு எல்லாம் நிலையா இல்லன்னா விட்டுட்டு ஏறிடணும். ‘இதோ சரியாயிடும்’னு இழுக்கக் கூடாது. கப்பலில் இறங்கும் விமானி இன்னும் ஒரு படி மேல. தளத்தைத் தொட்ட அதே நொடி த்ராட்டிலை முழுசா தள்ளிடுவார். கம்பி மாட்டினா நிப்பார், மாட்டலன்னா பறந்துடுவார். தோல்விக்கான பதிலைக் கை முன்கூட்டியே செஞ்சு முடிச்சிருக்கும்.

இப்ப என் தொழிலுக்கு வர்றேன். 2005, இங்கிலாந்து. மார்ட்டின் புரோமிலி என்ற பயணிகள் விமானியின் மனைவிக்கு ஒரு சாதாரண சைனஸ் ஆபரேஷன். மயக்கம் கொடுத்த பிறகு மூச்சுப்பாதையைத் திறந்து வைக்க முடியல. ஆக்ஸிஜன் சரிஞ்சுகிட்டே போகுது. அறையில் இருந்தவங்க அனுபவசாலிகள், கருவிகளும் இருந்தது. மூச்சுக்குழாய்க்குள்ள குழாய் செலுத்தத் திரும்பத் திரும்ப முயற்சி செஞ்சுகிட்டே இருந்தாங்க. கழுத்து வழியா சுவாசப்பாதை திறக்குற செட்டை நர்ஸ் எடுத்து வந்துட்டார். அது பயன்படுத்தப்படல. 13 நாள் கழிச்சு அந்தப் பெண் இறந்துபோனார். மார்ட்டின் அதுக்கப்புறம் மருத்துவத்தில் மனிதக் காரணிகளைப் பத்திப் பேசுற ஓர் அமைப்பையே தொடங்கினார். உலகம் முழுக்க மயக்கவியல் மாணவர்களுக்கு இந்தச் சம்பவம் பாடமாச் சொல்லப்படுது.

அந்த அறையில் இருந்தவங்களுக்குக் குழாய் போடத் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. இறங்கத் தெரிஞ்ச கை, இறங்கிட்டேதான் இருக்கும். நிறுத்துறதுக்கும் தனியா பயிற்சி வேணும். பிரிட்டனின் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி 2015-ல வெளியிட்ட வழிகாட்டுதல் இதுக்கு எண் போட்டே எழுதிடுச்சு: மூணு முயற்சி. நாலாவது, உங்களை விட அனுபவம் கூடுதலா உள்ளவர் வந்தா மட்டும். அதுக்கு மேல குழாய் கிடையாது, அடுத்த வழிக்குப் போ.

ஆனா நம்ம ஊர்ல ஹவுஸ் சர்ஜனும் பிஜி மாணவரும் இதைப் பழகுற விதம் பெரும்பாலும் அந்த 50 நிமிஷ மிஷன்தான். மூணு மணி நேர ஆபரேஷனில் குழாய் போடுறது ஒரு நிமிஷம். அன்னிக்கு யாருக்கு வாய்ப்பு கிடைக்குதோ அவங்க செய்வாங்க. பொம்மை வாங்கி வெச்சிருக்கிற கல்லூரிகளிலும், குழாய் உள்ளே போயாச்சா இல்லையான்னுதான் பார்க்கிறாங்க. போகவே போகாதபடி பொம்மையை செட் பண்ணி, மூணாவது முயற்சியில் மாணவர் கையை எடுக்கிறாரா, சத்தமா ‘முடியல, அடுத்த வழி’ன்னு சொல்றாரான்னு பார்க்கிற பரீட்சை எத்தனை இடத்தில் நடக்குது? அந்தப் பொம்மையை அப்படி செட் பண்ண அஞ்சு நிமிஷம் போதும். ஓடுபாதையில் லாரி வைக்கிற வேலைதான் அதுவும்.

சிமுலேட்டர் நண்பர்களுக்குக் கடைசியா ஒண்ணு. ஆடி முடிச்சதும் டேக்வியூ-ல பதிவைப் போட்டுப் பாருங்க. தொட்ட இடத்தைப் பார்க்காதீங்க. 500 அடியில் வேகம் என்ன, சரிவு என்ன, அந்த இடத்தில் விட்டுட்டு ஏறியிருக்கணுமான்னு பாருங்க. நான் வெச்சிருக்கிற ஆறு மிஷன் ஃபைல் வேணும்னா கேளுங்க, அனுப்புறேன். எல்லாமே சூ-25டி-க்கு எழுதினது, காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்ல. லாரி எந்த ஃபைலில் இருக்குன்னு மட்டும் கேக்காதீங்க.