காட்டுக்குப் போகும் சட்டைக்கு எந்தச் சலவைத் தூள்?

சலவைத் தூள் விளம்பரங்கள் "பளிச்சிடும் வெண்மை" என்று முழங்குகின்றன. பள்ளிச் சீருடைக்கு அது நல்லதுதான். ஆனால் மேகமலைக்கு விலங்குகளைப் பார்க்கப் போகிறவரின் உடைக்கு அது ஏற்றதல்ல என்பது என் கருத்து.

அமெரிக்காவில் மான் வேட்டைக்குச் செல்வோர் பலர், வாசனையும் வெண்மையூட்டியும் சேராத தூளைத் தேடி வாங்குகிறார்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். மேகமலையோ 2021 முதல் புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதி. என்றாலும் வேட்டைக்காரரின் இந்த அறிவு, துப்பாக்கியின்றிச் செல்லும் நமக்கும் உதவும். எப்படி?

வெண்மையூட்டி என்பது அழுக்கை நீக்கும் பொருளல்ல. அது துணியில் ஒட்டிக்கொண்டு, நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களை உறிஞ்சி, நீல ஒளியாக வெளிவிடுகிறது. பழுப்பேறிய துணி வெளுப்பாகத் தோன்றுவது இதனால்தான். நம் கண்ணின் லென்சு புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பல பாலூட்டிகளின் லென்சு அவ்வளவாகத் தடுப்பதில்லை என்று 2014இல் லண்டன் ஆய்வாளர்கள் கண்டனர். வெள்ளைவால் மானின் கண்ணில் நிறம் அறியும் செல்கள் இரண்டே வகை. அவற்றுள் ஒன்று நீலத்தை நன்கு உணர்வது. ஆகவே பச்சைச் சட்டை அணிந்தால் மட்டும் மறைந்துவிட்டோம் என்று எண்ணாதீர்கள்!

கண்ணைவிடக் கூர்மையானது மூக்கு. மணம் அறியும் மரபணுக்கள் மனிதனிடம் சுமார் 400. ஆப்பிரிக்க யானையிடம் சுமார் 2000. நமக்கு மல்லிகை மணம். காட்டு விலங்குக்கு அது "ஆள் வருகிறான்" என்ற அறிவிப்பு.

ஒரு சோதனை செய்யுங்கள். வெளுக்காத கோரா துணியை இரண்டாகக் கிழியுங்கள். ஒன்றை வெறும் நீரிலும், மற்றதைத் தூள் கரைத்த நீரிலும் அலசி, நிழலில் உலர்த்துங்கள். இருட்டறையில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் விளக்கை இரண்டின் மீதும் காட்டுங்கள். விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது. தூளில் அலசிய துணி நீலமாக ஒளிர்ந்தால், அதில் வெண்மையூட்டி இருக்கிறது.

அப்படியானால் பூந்திக்கொட்டை போதுமே என்பீர்கள். துணிக்குப் போதும். ஆனால் அதிலுள்ள சப்போனின் மீன்களுக்கு நஞ்சு. வைகைக்கு நீர் தரும் ஓடைகள் இந்த மலைகளில்தான் பிறக்கின்றன. எனவே எதைக் கொண்டு துவைத்தாலும் வீட்டிலேயே துவையுங்கள்; ஓடையில் வேண்டாம்.

சுத்தம் என்பதை நம் கண்ணாலும் மூக்காலும் மட்டுமே அளந்து பழகிவிட்டோம். காடு நம் வீடல்ல. அங்கே விருந்தாளியாகப் போகும்போது, வீட்டுக்காரர்களின் கண்ணையும் மூக்கையும் நினைத்து உடுத்துவதுதானே முறை?