ரூபாய்க்கு ஆறு காசு: பெங்களூரு நூலகங்களுக்குச் சேர வேண்டிய மக்கள் பணம்

ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் கொண்டாடப்படுகிறது. பெங்களூரில் அது விழாக்களின் மாதம். முதல் நாள் ராஜ்யோத்சவக் கொடியேற்றம். கார்த்திகையில் பசவனகுடி கடலைக்காய்ச் சந்தை. இவற்றின் நடுவே நூலக வாரம். கிளை நூலகத்தின் வாசலில் ஒரு பதாகை கட்டப்படும். நான்கு மேசைகளில் புத்தகக் கண்காட்சி, குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி, வாசிப்பின் மேன்மை பற்றி ஓர் உரை ஆகியவையும் உண்டு. மேடையேறும் பிரமுகர்கள் எல்லாரும் இளைஞர்கள் படிப்பதில்லை என்று வருந்துவார்கள். நூலகத்திற்கென்று மக்களிடம் வாங்கிய பணம் எங்கே போயிற்று என்று மட்டும் எவரும் பேசமாட்டார்கள்.

அந்தக் கேள்வியைத்தான் இந்த நூலக வாரத்தில் கேட்க வேண்டியிருக்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

கர்நாடகப் பொது நூலகச் சட்டம் 1965ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்படி சொத்துவரியுடன் நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. இன்றைய விகிதம் 6 விழுக்காடு, அதாவது ரூபாய்க்கு ஆறு காசு. ஆயிரம் ரூபாய் சொத்துவரி கட்டுபவர் அதற்கு மேல் 60 ரூபாயை நூலகத்திற்காகக் கட்டுகிறார். மாநகராட்சி இதை வசூலித்துக் கொடுக்கும் முகவர் மட்டுமே. இந்தப் பணம் நூலக ஆணையத்திற்கு உரியது. சாலைக்கும் மேம்பாலத்திற்கும் திருப்பிவிடுவதற்காக இது வாங்கப்படவில்லை.

வீட்டு உரிமையாளர்தானே இந்த வரியைக் கட்டுகிறார் என்று சிலர் சொல்லக்கூடும். உரிமையாளர் அதை வாடகையில் ஏற்றிவிடுகிறார். பீன்யாவில் ஒற்றை அறையில் குடியிருக்கும் ஆயத்த ஆடைத் தொழிலாளியும், ஸ்ரீராமபுரத்தில் வரிசை வீட்டில் வாழும் கட்டுமானத் தொழிலாளியும் மாதந்தோறும் தரும் வாடகைக்குள் அந்த ஆறு காசு ஒளிந்திருக்கிறது. நூலகத்தின் வாசற்படியை மிதித்திராதவரும் நூலகத்திற்குப் பணம் தந்தவரே.

பெங்களூரு மாநகராட்சி இந்தத் தொகையை முழுமையாக நூலகத் துறைக்குச் செலுத்தாமல் ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைத்தது. நிலுவை பல நூறு கோடி ரூபாய் என்று செய்தித்தாள்கள் திரும்பத் திரும்ப எழுதின. துறை நினைவூட்டுக் கடிதம் அனுப்பும். மாநகராட்சி ஒரு சிறு தவணையைக் கொடுத்துவிட்டு மீண்டும் மௌனம் காக்கும். 2024-25இல் மாநகராட்சியின் சொத்துவரி வசூல் 4,000 கோடி ரூபாயைத் தாண்டியது. வரலாறு காணாத வசூல் என்று அறிக்கை வந்தது. வசூலில் சாதனை படைத்த நிர்வாகத்திற்கு, வசூலித்ததை உரியவரிடம் சேர்ப்பது மட்டும் ஏன் கடினமாகிறது?

தில்லி மீது பழி போட்டு இதிலிருந்து தப்ப முடியாது. நூலகம் அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள், வரியை விதிப்பது மாநிலச் சட்டம், வசூலிப்பது உள்ளாட்சி. 2019 முதல் 2023 வரை பாஜக ஆண்டது. 2023 மே முதல் காங்கிரஸ் ஆள்கிறது. விதான சௌதாவில் நாற்காலிகள் மாறின. நூலகத்திற்கான பாக்கி மட்டும் மாறாமல் நின்றது.

கேட்க ஆளில்லாத மாநகரம்

பெங்களூரு மாமன்றத்திற்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015 ஆகஸ்டில். அந்த மாமன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக, ஒரு கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் நகரத்தை அதிகாரிகளே ஆண்டு வருகின்றனர். வார்டு உறுப்பினர் இல்லை. வரவு செலவுத் திட்டத்தின் மீது விவாதம் இல்லை. கூரை ஒழுகும் கிளை நூலகத்தைப் பற்றி மாமன்றத்தில் எழுந்து கேட்க ஒருவரும் இல்லை. நூலகப் பணம் கணக்கில் வராமல் போவதும் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் போவதும் தொடர்பற்ற இரு செய்திகள் அல்ல.

2025 செப்டம்பரில் கிரேட்டர் பெங்களூரு ஆணையம் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. அதிகாரம் பரவலாக்கப்படுகிறது என்று அரசு பெருமை பேசுகிறது. அப்படியானால் பழைய மாநகராட்சியின் நூலக நிலுவையை யார் ஏற்பது? ஐந்து மாநகராட்சிகளும் பங்கிட்டுக் கொள்ளுமா, ஆணையம் பொறுப்பேற்குமா, மாநில அரசு தீர்க்குமா? பாகப் பிரிவினையில் சொத்தைப் பங்கு போட எல்லாரும் முந்துவார்கள். கடனைக் கண்டால் ஆளுக்கொரு திசையில் ஒதுங்குவார்கள். நூலகப் பாக்கி அப்படிக் கைகழுவப்படும் ஆபத்து இப்போது இருக்கிறது.

இழப்பு யாருக்கு?

வீட்டில் தனி அறையும் மேசையும் உள்ளவர்களுக்குக் கிளை நூலகம் மூடப்பட்டால் பெரிய நட்டமில்லை. ஐந்து பேர் உறங்கும் ஒற்றை அறையில், தொலைக்காட்சி ஓசையின் நடுவே பாடம் படிக்கும் பிள்ளைக்கு அது பேரிழப்பு. அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்க உள்மாவட்டங்களிலிருந்து வந்து விஜயநகரில் தங்கியிருக்கும் இளைஞர்களைப் பாருங்கள். பொது வாசகசாலையில் நாற்காலி கிடைக்காததால், மேசைக்கும் மின்விசிறிக்கும் மாதக் கட்டணம் வாங்கும் தனியார் படிப்பகங்களை நாடுகிறார்கள். பொதுச் சேவையைப் பட்டினி போடுவது, அது மெலிந்ததும் தரமில்லை என்று ஒதுக்குவது, அந்த இடத்தில் கட்டணக் கடையைத் திறப்பது: அரசுப் பள்ளியிலும் அரசு மருத்துவமனையிலும் தாராளமயம் நடத்திய இதே நாடகம்தான் நூலகத்திலும் நடக்கிறது.

எல்லாம் கைப்பேசியில் கிடைக்கிறதே, இனி நூலகக் கட்டடம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2020இல் கர்நாடக அரசு மின்னூலகத்தைத் தொடங்கியது. நல்லதே, அது வளரட்டும். ஆனால் மின்னூலகம் நாற்காலி தராது, விளக்கு தராது, அமைதி தராது. குடும்பத்திற்கு ஒரே கைப்பேசி, அதுவும் வேலைக்குப் போகும் தந்தையின் சட்டைப்பையில் என்ற நிலையில் உள்ள பிள்ளைக்கு அது நூலையும் தராது.

பணமின்மையின் சுமை வாசகரோடு நிற்கவில்லை. அரசின் மொத்தக் கொள்முதல் ஒழுங்காக நடப்பதில்லை என்று கன்னடப் பதிப்பாளர்கள் தொடர்ந்து முறையிடுகின்றனர். கிராமப் பஞ்சாயத்து நூலகங்களைக் காக்கும் ஊழியர்களுக்கு 'மேற்பார்வையாளர்' என்று பட்டம் சூட்டி, ஊதியத்திற்குப் பதில் மதிப்பூதியம் கொடுத்தே அரசு காலம் தள்ளியது. குறைந்தபட்ச ஊதியத்திற்காக அவர்கள் பெங்களூரு வீதிகளில் போராட வேண்டியிருந்தது.

ரங்கநாதன் வாழ்ந்த நகரம்

இந்திய நூலகவியலின் தந்தை சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் வெளியிட்டவர். நூல் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பதை முதல் விதியாக வைத்தவர். விடுதலைக்குப் பின் நாட்டிலேயே முதலாவதாக வந்த 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் அவருடைய உழைப்பின் விளைவு. அவர் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்ததும், 1962இல் ஆவண ஆராய்ச்சி பயிற்சி மையத்தை நிறுவியதும், 1972 செப்டம்பர் 27 அன்று மறைந்ததும் பெங்களூரில்தான். நூலகத்திற்கு நிலையான வருவாய் வேண்டும், அது ஆட்சியாளரின் கருணையாக இராமல் சட்டப்படியான உரிமையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே நூலக வரி வந்தது. அவர் மறைந்த நகரத்திலேயே அந்த உரிமை பறிக்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் இவ்வரி 10 விழுக்காடு. அங்கும் உள்ளாட்சிகள் நிலுவை வைப்பதுண்டு. ஆனால் 2011 நவம்பரில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை மருத்துவமனையாக்க அன்றைய அரசு முயன்றபோது, எழுத்தாளர்களும் வாசகர்களும் எழுந்தனர், உயர்நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் நிலைத்தது. கேரளத்தில் பி.என். பணிக்கர் 1945இல் தொடங்கிய கிரந்தசாலை இயக்கம், ஊர் மக்களே நடத்தும் ஆயிரக்கணக்கான நூலகங்களாகப் பரவியது. மக்கள் தமதென்று கருதிய நூலகத்தின் மீது கைவைப்பது எளிதல்ல.

பெங்களூரில் அந்த ஒற்றுமையைக் குலைக்க மொழிவெறி காத்திருக்கிறது. 1991இல் மூடி வைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை, 18 ஆண்டுகள் கழித்து 2009 ஆகஸ்டில்தான் அல்சூரில் திறக்கப்பட்டது. ஆனால் இதே மாநிலத்தில் இன்னொரு காட்சியும் உண்டு. மைசூரு ராஜீவ் நகரில் ஓர் இஸ்லாமியக் கூலித் தொழிலாளி, பள்ளிப் படிப்பில்லாதவர், ஏறத்தாழ 11,000 நூல்களைச் சேர்த்து ஏழைகளுக்காக நூலகம் நடத்தினார். அவற்றில் பெரும்பாலானவை கன்னட நூல்கள். 2021 ஏப்ரலில் அது தீக்கிரையானபோது உதவ முன்வந்தவர்கள் சாதி, மதம், மொழி பார்க்கவில்லை. கன்னட நூலுக்குப் பணம் இல்லாத அலமாரியில் தமிழ் நூலுக்கும் இடம் இராது. இருவருக்கும் உரிய பணம் ஒரே கருவூலத்தில்தான் சிக்கியிருக்கிறது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. வசூலான நூலக வரி, செலுத்திய தொகை, நிலுவை ஆகியவற்றை ஆண்டுவாரியாக அரசு வெளியிட வேண்டும். நிலுவைக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் அறிவித்து, காலக்கெடு குறித்துச் செலுத்த வேண்டும். இனி வசூலாகும் வரி நேரடியாக நூலகக் கணக்கில் சேர வேண்டும். ஐந்து மாநகராட்சிகளுக்கும் தாமதமின்றித் தேர்தல் நடத்த வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்பி, ஊழியர்களுக்குச் சட்டப்படியான ஊதியம் வழங்க வேண்டும்.

கட்சிக் கிளைகளுக்கும் வேலை இருக்கிறது. தம் பகுதிக் கிளை நூலகத்திற்குச் சென்று, அது திறக்கும் நேரம், ஊழியர் எண்ணிக்கை, கடைசியாக நூல் வந்த ஆண்டு, தமிழ், உருது, தெலுங்கு நூல்களின் நிலை ஆகியவற்றைத் தோழர்கள் குறித்து வர வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு கொடுக்க வேண்டும். வாசகர்களைத் திரட்டி மாநகராட்சி அலுவலகத்தின் முன் நிற்க வேண்டும். வரி கட்டாத வீட்டிற்கு நோட்டீஸ் ஒட்டுகிறது மாநகராட்சி. வாங்கிய வரியைச் செலுத்தாத மாநகராட்சியின் கதவில் நோட்டீஸ் ஒட்டும் கடமை மக்களுக்கு உண்டு.