தொலைந்துபோன சுழியம்

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கடைக்காரர்கள் கடன் கணக்கை 555 புத்தகத்தில் எழுதிவைத்த காலம் உண்டு. பெயர், தேதி, தொலைபேசி எண், பாக்கித் தொகை எல்லாம் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கும். ஆனாலும் எது பணம், எது தேதி என்பது எழுதியவருக்குத் தெரியும்.

அந்தப் புத்தகத்தைக் கைப்பேசிச் செயலியாக மாற்ற விரும்பும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணே, இணையம் இல்லாவிட்டாலும் வேலை செய்யணும். தரவை எங்கே வைக்கிறது?"

இதற்கென்றே செயலிக்குள்ளேயே தங்கும் சிறிய தரவுத்தளங்கள் இருக்கின்றன. கூகுளின் ஜெஃப் டீன், சஞ்சய் கெமாவத் இருவரும் உருவாக்க, 2011-ல் வெளியான லெவல்டிபி அவற்றுள் ஒன்று. தனி சர்வர் தேவையில்லை. ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பை எடுத்துத் தரும். ஆனால் அதற்கு எண், எழுத்து, தேதி என்ற வேறுபாடே தெரியாது. எதைக் கொடுத்தாலும் வெறும் பைட்டுகளாகவே வைத்துக்கொள்ளும். பொருள் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

அடையாள அட்டை எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 2001-ல் பிறந்தவரின் எண் 01 என்று தொடங்கும். அதை எண்ணாக மாற்றிச் சேமித்தால் முன்னிருக்கும் சுழியம் போய்விடும். 12 இலக்கம் 11 ஆகிவிடும். பிறகு தேடினால் அந்த வாடிக்கையாளர் கிடைக்கமாட்டார். அவர் கட்டிய பணமும் கணக்கில் ஏறாது. கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத எண்களை எழுத்தாகவே வையுங்கள். 012 என்று தொடங்கும் கைப்பேசி எண்ணுக்கும் இதே விதிதான்.

பணத்தை ரிங்கிட் தசமமாக வைக்காமல் சென் கணக்கில் முழு எண்ணாக வையுங்கள். 12 ரிங்கிட் 50 சென் என்றால் 1250. கணினியின் தசமக் கணக்கில் 0.1-ஐ மூன்று முறை கூட்டினால் சரியாக 0.3 வராது.

லெவல்டிபி சாவிகளைப் பைட் வரிசையில் அடுக்கும். அதனால் எழுத்தாகக் கொடுத்த 10, 9-க்கு முன்னால் வந்து நிற்கும். பில் எண்களை 0009, 0010 என ஒரே நீளத்தில் எழுதினால் வரிசை சரியாகும். தேதியில் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கு வேண்டும்.

தமிழ்ப் பெயர்களுக்கும் கவனம் தேவை. 'கிள்ளான்' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யுடிஎஃப்-8 முறையில் 24 பைட். இடம் மிச்சம் என்று 20 பைட்டில் வெட்டினால் பெயர் சிதைந்துவிடும்.

செயலியைக் கடைக்காரரிடம் கொடுக்குமுன் மூன்றைச் சோதியுங்கள்: சுழியத்தில் தொடங்கும் ஓர் அடையாள அட்டை எண், மூன்று முறை 10 சென் வரவு, நீளமான ஒரு தமிழ்ப் பெயர். செயலியை மூடித் திறந்த பிறகும் மூன்றும் போட்டபடியே திரும்பி வந்தால், ஒருவருடைய கடன் கணக்கை அதில் ஏற்றலாம்.